எர்ணாவூரின் நீல லேத்

போன மாதம் கவிதா எனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். நான் ஓய்வுபெற்று எழுந்து வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் அவள். சிறுதொழில் செய்கிறவர்கள் புது இயந்திரம் வாங்கினால் அதன் விலையில் ஒரு பங்கை அரசாங்கம் மானியமாகத் தருகிறது. அந்த இயந்திரம் உண்மையிலேயே இருக்கிறதா, புதிதுதானா, ஓடுகிறதா என்று பார்த்து எழுதுவது எங்கள் வேலை. என் காலத்தில் நேரில் போய்ப் பார்த்தோம். இப்போது மனு செய்தவரே போனில் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார். எந்த இடத்தில் எடுத்தது என்பதும் படத்திலேயே பதிவாகிவிடுகிறது. சந்தேகம் வந்தால் மட்டும் நேரில் போனால் போதும்.

கவிதாவுக்குச் சந்தேகம் வந்திருந்தது.

"மேடம், எர்ணாவூர் யூனிட். புது மெஷின்னு பில் இருக்கு. ஆனா முழுக்க நீலப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க. நேம் பிளேட்டைச் சுத்தி மட்டும் டேப் ஒட்டி அடிச்ச மாதிரி ஒரு கட்டம் விட்டிருக்காங்க. பழைய மெஷினைப் புதுசுன்னு காட்டுற மாதிரி இருக்கு. ரிஜெக்ட் பண்ணிடவா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காசிமேட்டுப் படகுகளில் அடிக்கிற அதே நீலம். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"என்ன மேடம், நான் சீரியஸா கேக்கறேன், நீங்க சிரிக்கிறீங்க?"

"ரிஜெக்ட்டும் பண்ணாதே, பாஸும் பண்ணாதே. நேர்ல போ. நான் ஏன் சிரிச்சேன்னு எழுதியே தர்றேன், உங்க ஆபீஸ் பிள்ளைங்க எல்லாரும் படிக்கட்டும்" என்றேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் வியாசர்பாடிக்காரி. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்த பெண்கள் எங்கள் குடியிருப்பிலேயே அப்போது கிடையாது. பரீட்சை எழுதி வேலை கிடைத்து, பயிற்சி என்ற பெயரில் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினேன். அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அரிசி ஆலையில் தவிடும் செங்கல் சூளையில் புகையும் தின்றேன், கோப்பில் எந்த மூலையில் எந்த நூல் கட்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். வேலை என்றால் என்னவென்று தெரிந்தது வடசென்னைக்கு மாற்றலாகி, அங்கே மானிய ஆபீசின் பொது மேலாளர் தணிகாசலம் சாரிடம் வந்து சேர்ந்த பிறகு.

தணிகாசலம் சார் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் ஜீப்பில் இருந்து இறங்குகிறார் என்றால் டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை பட்டறைக்காரர்கள் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார்கள். ஆய்வுக்குப் போன இடத்தில் நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். டீ, சோடா, இளநீர் எதையும் தொட மாட்டார். தண்ணீர்கூட வீட்டிலிருந்து பாட்டிலில் வரும். "ஒரு வாய் தண்ணியில என்ன சார் இருக்கு?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "குடிச்சா, அவர் மெஷினைப் பார்க்கும்போது அந்தத் தண்ணியும் ஞாபகம் வரும்" என்றார்.

பார்க்கிற முறையிலும் அவருக்கு ஒரு வரிசை உண்டு. உள்ளே நுழைந்ததும் பில்லை வாங்கமாட்டார். "முதல்ல ஓடவிடுங்க" என்பார். ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நிறுத்தச் சொல்லி, கையை வைப்பார். அதற்குப் பிறகுதான் நேம் பிளேட்டில் உள்ள எண்ணையும் பில்லில் உள்ள எண்ணையும் ஒத்துப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் முன்னால், வாசலிலேயே, மூக்கால் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். பெயின்ட் வாசனை வந்தால் அவர் முகம் மாறிவிடும்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பழைய மெஷின் வியாபாரம் அமோகமாக நடக்கும். மூடிய மில்களிலிருந்தும் உடைத்த கப்பல்களிலிருந்தும் வந்த லேத்துகளை, அதாவது இரும்பு கடையும் இயந்திரங்களை, சுத்தம் செய்து, பச்சையோ சாம்பலோ அடித்து, வாசலில் நிறுத்தி வைப்பார்கள். புது மெஷினுக்குத்தான் மானியம், பழசுக்குக் கிடையாது. அதனால் சில கெட்டிக்காரர்கள் புது மெஷின் ஒன்றை வாங்கி, பில்லை வைத்துக்கொண்டு, மெஷினை வேறு ஊருக்கு விற்றுவிடுவார்கள். பட்டறையில் பழைய லேத் ஒன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் சேர்ந்த புதிதில் தண்டையார்பேட்டையில் அப்படி ஒருவர் மாட்டிக்கொண்டார். சார் கையை வைத்தார், எடுத்தார், பாட்டிலைத் திறந்து கை கழுவினார், ஜீப்பில் ஏறிவிட்டார். அந்த மனிதர் என்னிடம், "இன்னா மேடம், ஒண்ணுமே சொல்லாம போறாரு?" என்று கேட்டார். சொல்வதற்கு என்ன இருக்கிறது?

"பெயின்ட் வாசனை வந்தா பைலை மூடிடு" என்பது சாரிடம் நாங்கள் படித்த முதல் பாடம். இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பாடத்தோடுதான் நான் ஸ்டெல்லாவின் பட்டறைக்குப் போனேன்.

ஸ்டெல்லா ராயபுரத்துப் பெண். மாதா கோயில் தெருவில் பிறந்து வளர்ந்தவர். கணவர் ராயப்பன் காசிமேட்டில் படகுகளுக்கு மரவேலையும் பெயின்ட் வேலையும் செய்கிறவர். படகு என்ஜினுக்கு வேண்டிய ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்க ஸ்டெல்லா எர்ணாவூரில் ஒரு ஷெட் எடுத்து, இரண்டு ஓட்டை லேத்துகளை வைத்து நடத்திக்கொண்டிருந்தார். வேலை கூடியதும் வங்கியில் கடன் வாங்கி, வடக்கே எங்கோ ஒரு சின்னத் தொழிற்சாலையில் செய்த புது லேத் ஒன்றை வரவழைத்தார். மானியம் நேராக வங்கிக்குப் போய்க் கடனில் கழியும். மானியம் இல்லாவிட்டால் மாதத் தவணை அவர் தாங்குகிற அளவில் இருக்காது. வங்கிக்காரர்கள் புது லேத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அதை நம்பி ஒப்புக்கொண்ட வேலையும் போகும், பிறகு ஷெட்டை மூடவேண்டியதுதான். இது ஸ்டெல்லாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஷெட் வாசலில் இறங்கியதுமே பெயின்ட் வாசனை குப்பென்று அடித்தது.

உள்ளே லேத் நீலமாக நின்றது. ஓரங்களில் மஞ்சள் கோடு. முன்பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை. இரும்பின் மேல் இரும்பு வழுக்கி ஓடும் இடங்களைத் தவிர ஓர் அங்குலம் விடாமல் அடித்திருந்தார்கள். நேம் பிளேட்டின் மேலும் தாராளமாக நீலம். பக்கத்தில் இரண்டு ஓட்டை லேத்துகளும் துருவேறிச் சும்மா நின்றன.

"இன்னாங்க இது?" என்றேன். வேகமாகப் பேசினால் எனக்கும் எங்கள் ஊர் பாஷைதான் வரும்.

"சோக்கா கீதுல்ல மேடம்?" என்றார் ஸ்டெல்லா. முகமெல்லாம் பூரிப்பு. "நீங்கோ வர்றீங்கன்னுதான் ரெண்டாவது கோட்டும் அட்ச்சோம்."

"புது மெஷினுக்கு யாராவது பெயின்ட் அடிப்பாங்களா?"

என் கேள்வி அவர்களுக்குப் புரியவில்லை. ராயப்பன்தான் முன்னால் வந்தார். "இன்னா மேடம் இப்டி கேக்குறீங்கோ? புதுப் படகுக்குப் பெயின்ட் அடிக்காம தண்ணில எறக்குவாங்களா? பின்னாடியே கடலு. உப்புக் காத்து இரும்ப சும்மா வுடுமா? கம்பெனில அட்ச்ச பெயின்ட் காயிதம் மாரி கீது. ஒரு மழ தாங்காது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கடலோரத்தில் பிழைக்கிறவர்களுக்குப் பெயின்ட் அடிப்பது புதுசுக்குச் செய்கிற மரியாதை. மானிய ஆபீசில் அது பழசின் அடையாளம். இது ஸ்டெல்லாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் எர்ணாவூருக்குள் பழைய லேத்தைக் கொண்டுவந்து வைத்தவனும் இதே காரணத்தைத்தான் சொல்வான். நம்புவதற்கு எனக்கு எண் வேண்டும். அது பெயின்ட்டுக்குள் இருந்தது.

"நேம் பிளேட்ல இருக்கிற நம்பர் தெரியணும். அது தெரியாம நான் எதுவும் எழுத முடியாது. நாளைக்குத் திரும்ப வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பெயின்ட்டைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தால் எண் வெளியே வந்துவிடும், வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் போனபோது ஸ்டெல்லா வாசலிலேயே காத்திருந்தார். "பாருங்க மேடம், கண்ணாடி மாரி பண்ணிக்கிறோம்" என்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப் போனார்.

நேம் பிளேட் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அரசாங்க அம்மா கேட்டது பளிச்சென்று இருக்க வேண்டும் என்று இரும்பைத் தேய்க்கிற கிரைண்டர் வைத்து வழித்திருந்தார்கள். பெயின்ட் போயிருந்தது. அதோடு கம்பெனி பெயர் போயிருந்தது, எண் போயிருந்தது. அலுமினியத் தகட்டில் என் முகம் தெரிந்தது.

"அடிப்பாவி, இன்னா பண்ணி வச்சிருக்கே?" என்று கத்திவிட்டேன். பிறகு விஷயத்தை விளக்கினேன். திருட்டு லேத்துகளில் எண்ணை அழிக்கிறவர்கள் செய்வதும் இதே வேலைதான் என்பதையும் சொன்னேன். ஸ்டெல்லா தகட்டைத் தடவிப் பார்த்தார். "அப்போ மெஷின எட்த்துக்குவாங்களா?" என்று கேட்டார். ராயப்பன் கிரைண்டர் பிடித்த பையனைத் திட்டப் போனார், ஸ்டெல்லா தடுத்துவிட்டார். "நான் சொல்லித்தான அவன் செஞ்சான்" என்றார்.

பில் இருந்தது. லாரி ரசீது இருந்தது. ஆனால் அவை ஒரு புது லேத் வாங்கப்பட்டது என்று மட்டும்தான் சொல்லும். நீலமாக நிற்கிற இது அதுதானா என்று சொல்லாது. பெரிய கம்பெனி லேத்துகளில் எண்ணை உடம்பிலும் வெட்டியிருப்பார்கள். இது சின்னத் தொழிற்சாலையில் செய்தது, தகடு ஒன்றுதான். நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, முடிவெடுக்கத் தணிகாசலம் சாரிடம் வைத்தேன். படித்துவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஓடவிட்டுப் பார்த்தியா?"

"நேம் பிளேட்டைப் பார்த்த அதிர்ச்சியில விட்டுட்டேன் சார்."

"வா போகலாம்" என்று எழுந்தார்.

சார் உள்ளே நுழைந்து மூச்சை இழுத்தார். முகம் மாறியது. நீலத்தையும் மஞ்சள் கோட்டையும் சிலுவையையும் வழித்த தகட்டையும் வரிசையாகப் பார்த்தார். ஸ்டெல்லா சோடா பாட்டிலை நீட்டினார். சார் தலையசைத்து மறுத்துவிட்டார். அந்த மறுப்பிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று ஸ்டெல்லா எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, கண் கலங்கிவிட்டது. "தண்ணி கூட குடிக்க மாட்டேன்றாரு" என்று என் காதில் சொன்னார். அவர் எங்கேயும் குடிக்கமாட்டார் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

"ஓடவிடுங்க" என்றார் சார்.

ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நிறுத்தச் சொன்னார். பற்சக்கர மூடியைத் திறக்கச் சொல்லி விரலால் பல்லின் ஓரத்தைத் தடவினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, உளி பிடிக்கிற பகுதியை அங்குமிங்கும் நகர்த்தும் கைச்சக்கரத்தைச் சுற்றச் சொன்னார்.

"ஷாஃப்டைக் கடையறதெல்லாம் எப்பவும் இந்த முனையிலதான் நடக்கும். அதனால பழைய லேத்துன்னா இந்தப் பக்கம் தேஞ்சிருக்கும், அந்தப் பக்கம் தேயாம இருக்கும். இங்க லூசா போகும், அங்க போகப் போக இறுகும். பெயின்ட் அடிச்சு அதை மறைக்க முடியாது. சுத்திக்கிட்டே கடைசி வரைக்கும் போ. கை என்ன சொல்லுதுன்னு சொல்லு."

சுற்றினேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், திரும்பவும் இங்கே வரைக்கும், சக்கரம் ஒரே மாதிரி சுழன்றது. எங்கேயும் லூசாகவில்லை, எங்கேயும் இறுகவில்லை. எனக்கு அந்த நிமிஷம் ஏற்பட்ட சந்தோஷத்தை அரசாங்க வேலையில் வேறு எப்போதும் அனுபவித்ததில்லை.

"ஒரே மாதிரி இருக்கு சார். புதுசு."

"ஆமா, புதுசுதான்" என்றார். ஆனால் அவர் முகம் தெளியவில்லை. ஜீப்பருகே வந்து மெதுவாகச் சொன்னார். "நம்ம கைக்குத் தெரியுது. தணிக்கைக்கு வர்றவங்க நம்பரைத்தான் கேப்பாங்க. மானியம் தர முடியாதுன்னு எழுதினா எனக்கு ஒரு தொல்லையும் கிடையாது."

அவர் ஓய்வுபெற அதிக காலம் இல்லை. ஒரு ஆட்சேபணை வந்தால் ஓய்வூதியத்தையே நிறுத்திவைக்கலாம். அவர் பைலை மூடிவிட்டுப் போயிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவர் ஜீப் பானெட்டின் மேல் கோப்பை விரித்து, சொந்தக் கையால் எழுதினார். நேம் பிளேட்டில் எண் இல்லை, உரிமையாளர் அறியாமையால் வழித்துவிட்டார், இயந்திரத்தை நானே இயக்கியும் தொட்டும் பார்த்தேன், இது புதியது, இதற்கு நானே பொறுப்பு. கீழே கையெழுத்துப் போட்டார். உள்ளே திரும்பிப் போய் ஸ்டெல்லாவிடம், "பெயின்ட் அடிங்கம்மா, வேண்டாம்னு சொல்லலை. அடுத்த தடவை நம்பரை மட்டும் விட்டுட்டு அடிங்க" என்றார். மானியம் வந்தது. லேத் அங்கேயே நின்றது.

சார் ஓய்வுபெற்ற பிறகு, அவர் பயந்த மாதிரியே கேள்வி வந்தது. எண் இல்லாத இயந்திரத்துக்கு எந்த ஆதாரத்தில் மானியம் தரப்பட்டது, அந்தத் தொகையைக் கையெழுத்திட்ட அதிகாரியிடம் ஏன் வசூலிக்கக் கூடாது? தணிக்கைக்கு வந்தவர் லேத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார். நான் சாருக்குத் தகவல் சொன்னேன். வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. அவரே பஸ் பிடித்து எர்ணாவூருக்கு வந்துவிட்டார்.

லேத் இதற்குள் வருஷக்கணக்காக ஓடி உழைத்திருந்தது. தணிக்கை அதிகாரி கெட்டிக்காரர், கைச்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "இந்தப் பக்கம் லூசா இருக்கே. இது பழைய மெஷின்தானே?" என்றார்.

"இப்போ பழசு" என்றார் தணிகாசலம் சார். "ராப்பகலா ஓடினா பழசாகாம என்ன செய்யும்? அன்னிக்குப் புதுசா இருந்தது. அதை அன்னிக்குப் பார்த்தாத்தான் தெரியும். நான் அன்னிக்கு இங்க நின்னு பார்த்தேன். அதுக்குத்தான சார் என்னை வேலைக்கு வச்சிருந்தீங்க?"

தணிக்கை அதிகாரி ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். ஸ்டெல்லாவின் வங்கிக் கடன் அடைந்திருந்தது. ஓட்டை லேத்துகள் இருந்த இடத்தில் வேறு மெஷின்கள் வந்திருந்தன, எல்லாம் நீலம், எல்லாவற்றிலும் நேம் பிளேட்டைச் சுற்றிக் கட்டம். அவற்றையும் பார்த்தார், எதையோ குறித்துக்கொண்டார். கொஞ்ச நாள் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு ஆட்சேபணை கைவிடப்பட்டது. அதுவரை சார் எப்படித் தூங்கினாரோ எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்கிற ஆளும் இல்லை.

தணிக்கை அதிகாரி கிளம்பிப் போனதும் சார் அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் ஒரு பட்டறையில் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

"ஸ்டெல்லாம்மா, இப்போ நான் ஆபீசர் இல்லை. ஒரு டீ கொடுங்க" என்றார்.

ராயப்பன் டீக்கடைக்கு ஓடினார். ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தார். "அப்பிடின்னா அன்னிக்கு நெசமாவே எங்கியும் குடிக்க மாட்டீங்களா சார்?" என்று கேட்டார். சார் இரண்டு டீ குடித்தார்.

இவ்வளவும் எழுதி முடித்திருந்தபோது கவிதா எர்ணாவூரிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"மேடம், புது மெஷினை ஓடவிட்டுப் பார்த்தேன். நம்பர் சரியா இருக்கு. பெயின்ட் ஏன்னும் சொன்னாங்க. எல்லாம் ஓகே. ஆனா பக்கத்துல ஒரு பழைய லேத் ஓடுது. அதுவும் நீலம்தான். வருஷா வருஷம் பெயின்ட் அடிப்பாங்களாம். அதுலயும் பிளேட்டைச் சுத்திக் கட்டம் விட்டிருக்காங்க. ஆனா பிளேட்ல ஒரு எழுத்துகூட இல்லை மேடம், மொழுக்குன்னு இருக்கு. இதுக்கு மேல அடிச்சா என்ன, எதுக்கு விட்டு வச்சிருக்கீங்கன்னு ஸ்டெல்லாம்மாகிட்ட கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"'சாரு இதப் பாத்துட்டும் கையெழுத்து போட்டாரும்மா. இது மேல எப்டி பெயின்ட் அடிப்பேன்?'னு கேக்கறாங்க. யாரு மேடம் அந்த சார்?"

தணிகாசலம் சார் போய்ச் சேர்ந்து சில காலம் ஆகிவிட்டது. இருந்திருந்தால் முதலில் அவருக்குத்தான் போன் போட்டிருப்பேன். நான் எழுதினதைப் படி, தெரியும் என்று மட்டும் சொன்னேன். பிறகு ஞாபகம் வந்து, புது மெஷினின் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாயா என்று கேட்டேன்.

இல்லை என்றாள். போனைக் கீழே வைத்துவிட்டு, போய்ச் சுற்றினாள்.